துடைத்துவைத்த மரக்குற்றி

இதை வாசிக்கிற சிலர் சிரிப்பீர்கள். சிரியுங்கள். தேவதாசனும் முதலில் சிரித்தவன்தான். ஆனால் நடந்தது எனக்கு. அந்தக் குளிர் இன்னும் என் இடது தோளைவிட்டுப் போகவில்லை. நான் எழுத்துக்கூட்டப் பழகியதே நாற்பது வயதுக்குப் பிறகு. இல்லாததைச் சோடித்து எழுத எனக்கு வராது. நடந்த ஒழுங்கில் சொல்கிறேன்.

1996ஆம் ஆண்டு, பெப்ரவரி மாதம். நானும் தேவதாசனும் பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர்நாட்டில், லாசாலில், ஒரே கட்டடத்தில் குடியிருந்தோம். வேலையும் ஒரே இடம். புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியம். துறைமுகத்திலிருந்து வரும் கொள்கலன்களிலிருந்து பெட்டி இறக்குவது. எட்டு வருடம் இறக்கியதில் என் இடுப்பு, நாரி, போய்விட்டது. இனிப் பாரம் தூக்காதே என்று டொக்டர் சொன்னார். தூக்காமல் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை.

அதனால்தான் ஆடு. பாலத்தைத் தாண்டி, வோத்ரேய் பக்கம், ரொசேர் என்ற கிழவரின் பண்ணையில் ஒரு கொட்டிலை வாடகைக்கு எடுத்தோம். எங்கள் சனத்துக்கு நல்ல ஆட்டிறைச்சி கிடைக்காத காலம் அது. பட்டி பெருகினால் பெட்டி இறக்குகிற வேலையை விட்டுவிடலாம். என் நினைப்பு முழுக்க அதுதான்.

பதினொரு ஆடுகள். தை மாதத்திலேயே மூன்றைக் கயோட்டி கொண்டுபோனது. கயோட்டி என்றால் நரிக்கும் நாய்க்கும் இடைப்பட்ட ஒரு பிராணி. வேலியைத் திருத்தினோம், கீழே தோண்டி வந்தது. கம்பி அடித்தோம், பனி குவிந்ததும் அதன்மேல் ஏறிக் குதித்தது. மிச்சம் எட்டு. எட்டில் ஆறு சினை.

ரொசேர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்னும் ஒரு ஆடு போனால் கொட்டிலைத் திருப்பித் தரவேண்டும். இரத்தவாடைக்குக் கயோட்டி பழகினால் அடுத்தது தன் கன்றுகள்தான் என்றார்.

"அப்ப சுடுவம்" என்றான் தேவதாசன்.

துவக்கு ரொசேருடையது. தன் காணிக்குள் தன் பிராணியைக் காக்கச் சுடலாம் என்றார். சரியோ பிழையோ எனக்குத் தெரியாது. அவருக்கு முழங்கால் ஏலாது, பனியில் நடக்க முடியாது, ஆகவே கொட்டிலின் மேல்தட்டுக் கதவில் துவக்கோடு இருப்பார். பக்கத்தில் தேவதாசன் பெரிய லைற்றோடு. நான் வயலுக்குள், காட்டோரமாக, சுடும் திசைக்கு விலகி இருந்து, தாயைத் தேடும் ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தவேண்டும். சின்ன வயதிலிருந்து எனக்கு நன்றாக வரும் ஒரே வித்தை அது.

"உங்கட கத்தலுக்குக் கயோட்டி மட்டுமில்லை மணியண்ணை, இறைச்சிக் கடைக்காரனும் வருவான்" என்றான் தேவதாசன்.

என் முழுப்பெயர் மணிவாசகம். தேவதாசனுக்கு நான் மணியண்ணை. ரொசேருக்கு 'மனி'. முழுப்பெயரைச் சொல்வது என் மனைவி ஜெகதீஸ்வரி மட்டும், அதுவும் கோபம் வந்தால். இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு தெரியும்.

ரொசேரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எங்கிருந்து எழும்பினாலும் "நான் போகிறேன்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுத்தான் நடப்பார். ஐந்து நிமிடத்தில் திரும்பி வரப்போகிறவரும் அப்படியே சொல்வார். நாங்கள் அப்படிச் சொல்வதில்லை. திரும்பி வராத இடமென்றாலும் "வாறன்" என்றுதான் சொல்லி எழும்புவோம்.

"கிழவனுக்கு வாயில நல்ல சொல்லே வராதோ" என்று தேவதாசன் முணுமுணுப்பான்.

காட்டோரத்தில் இரண்டு மரக்குற்றிகள், வெட்டிய மரத்தின் அடிக்கட்டைகள், இருந்தன. பக்கத்துப் பக்கத்தில், ஒரு முழ இடைவெளியில். முதல்நாள் ரொசேர் மேல்தட்டில் நின்றபடியே கையை நீட்டிக் காட்டினார். அந்த வலது பக்கத்துக் குற்றியில் இரு என்றார். போய்ப் பார்த்தேன். இடது குற்றியில் முழங்கால் உயரத்துக்குப் பனி. வலது குற்றியில் ஒரு துகள்கூட இல்லை. யாரோ துணியால் துடைத்துவிட்ட மாதிரி.

எனக்காகத் துடைத்திருக்கிறார், நல்ல மனுசன் என்று நினைத்தேன்.

மூன்று இரவுகள் இருந்தேன். ஒன்றும் வரவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். விரல் மரத்துப்போனது. விடியப் பஸ் பிடித்துப் பெட்டி இறக்கப் போனேன். மேற்பார்வையாளன் நான் தூங்கி வழிவதாகக் கத்தினான். வீட்டில் ஜெகதீஸ்வரி கத்தினாள். வயலில் நான் கத்தினேன். கயோட்டி மட்டும் சத்தமில்லாமல் எங்கேயோ நிம்மதியாகப் படுத்திருந்தது. எனக்குப் பயமே இருக்கவில்லை. எரிச்சல்தான் இருந்தது.

அந்த மூன்று நாளும் பகல் முழுக்கப் பனி கொட்டியது. மூன்று இரவும் வலது குற்றி துடைத்தபடி இருந்தது.

நாலாம் இரவு.

பதினொன்றேமுக்காலுக்குக் கத்தத் தொடங்கினேன். காற்று இல்லை. அரைநிலவு. கத்திவிட்டு நிறுத்தினேன்.

"ம்ம்மே..."

காட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது.

எங்கள் ஆட்டில் ஒன்று வெளியே போய்விட்டதோ என்று நினைத்தேன். ஒன்று போனாலும் எல்லாம் போயிற்று. ஆனால் எங்களிடம் குட்டி இல்லை. அது குட்டியின் குரல்.

மறுபடி கத்தினேன். மறுபடி பதில். இப்போது கிட்ட.

பிறகு காலடி. கர்ர்ச்... கர்ர்ச்... கர்ர்ச்... நாலு கால் இல்லை. இரண்டு கால்.

ஒரு மனிதர் வந்தார். கட்டம்போட்ட கம்பளிக் கோட்டு. காதை மூடும் தொப்பி. கையில் துவக்கு. ஒன்றும் பேசாமல் என் இடது பக்கக் குற்றியில் உட்கார்ந்தார். ரொசேர்தான், பொறுமை கெட்டு முழங்காலோடு இறங்கி வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"பொன்ஸ்வார்" என்று மெதுவாக மாலை வணக்கம் சொன்னேன்.

விரலை உதட்டில் வைத்தார். பிறகு வாயைத் திறந்து ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தினார். என்னைவிட நன்றாக. அதிலும் எனக்கு ஒரு எரிச்சல்.

அப்போதுதான் கயோட்டி வந்தது.

நேராக வந்தது. இரண்டு பச்சைக் கண்கள். இருபது அடி... பத்து அடி... கை நீட்டினால் மூக்கைத் தொடலாம். இவ்வளவு கிட்ட நான் அதைப் பார்த்ததில்லை. என் ஆடுகளைத் தின்ற வாய். லைற் வரவில்லை. வெடியும் வரவில்லை.

"லைற்றைப் போடடா" என்று கத்தினேன். பொறுக்க முடியவில்லை.

கயோட்டி ஓடவில்லை. என் குரலை அது கேட்டதாகவே தெரியவில்லை. அது என்னைப் பார்க்கவில்லை. எனக்கு இடது பக்கம் பார்த்தது. வாலை வயிற்றுக்குள் சுருட்டியது. நாய்க்குட்டி மாதிரி முனகியது. நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்தது. பிறகு வயிறு தரையில் தேயத் தேயப் பின்னால் நகர்ந்து போனது.

அந்த நேரம் கொட்டில் பக்கமிருந்து ஒரு இருமல்.

சுருட்டுப் பிடிக்கிற தொண்டையின் இருமல். மூன்று நாளாகக் கேட்ட இருமல்.

ரொசேர்.

பின்னாலிருந்து தேவதாசனின் குரலும் கேட்டது. "மணியண்ணை, என்ன நடக்குது அங்க?"

அப்படியானால்...

திரும்பவில்லை. கண்ணை மட்டும் திருப்பினேன்.

என் மூச்சு புகையாக வந்துகொண்டிருந்தது. அவர் வாயிலிருந்து புகை வரவில்லை.

அவர் உட்கார்ந்திருந்த குற்றி. முழங்கால் உயரப் பனி. அது அமுங்கவே இல்லை.

கோட்டிலிருந்து நனைந்த கம்பளி மணம்.

இடது தோள் விறைத்தது.

மணிக்கூட்டைப் பார்த்தேன். பன்னிரண்டு முப்பத்தைந்து.

எழும்பினேன். ஓடவேண்டும் என்று மட்டும் தெரிந்தது. ஆனால் பிறந்ததிலிருந்து பழகிய வாய். ஒரு மனிதரின் பக்கத்திலிருந்து எழும்பும்போது சொல்லாமல் எழும்பத் தெரியாத வாய். பிரெஞ்சு வகுப்பில் படித்ததைச் சொல்லிவிட்டேன்.

"நான் திரும்பி வருவேன்."

அவர் முதல்தடவை என் பக்கம் திரும்பினார். முகம் முழுக்க உறைபனி. கண் இமைகூட.

"சரி" என்றார். "இருக்கிறேன்."

ஓடினேன்.

கொட்டிலுக்குள் போய் வைக்கோலில் விழுந்தேன். ஆடுகள் எட்டும் நின்றன. தேவதாசன் ஏணியால் இறங்கி வந்தான்.

"ஏனடா லைற் போடேல்லை?"

"கிழவன் கையைப் பிடிச்சிட்டுது. ரெண்டு பேர் இருக்கினம், சுடமாட்டன் எண்டு சொல்லுது." சிரிக்கப் பார்த்தான். "எனக்கு நீங்கள் ஒராள்தான் தெரிஞ்சனீங்கள். கிழவன்ர கண்ணில பிழை போல."

நான் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்திவிட்டான்.

ரொசேர் கீழே இறங்கி வந்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி. வரும்போது அவரிடம் என்ன சொன்னாய்?

சொன்னேன்.

கிழவர் துவக்கிலிருந்து ரவையைக் கழற்றினார். "இனிக் காவல் தேவையில்லை" என்றார். "நான் போகிறேன்" என்றார். போனார்.

அதற்குப் பிறகு ஒரு கயோட்டியும் வேலிப்பக்கம் வரவில்லை. பங்குனியில் ஆறு ஆடும் குட்டி போட்டன. ஒன்பது குட்டிகள். நான் கேட்டதெல்லாம் இதுதான். ஆனால் மாலை இருண்டபின் அந்தப் பண்ணையில் என் கால் நிற்கவில்லை. பின்னேரத் தீனி முழுக்கத் தேவதாசன் தலையில் விழுந்தது.

"ஆடு ரெண்டு பேருக்கும், பின்னேரம் எனக்கு மட்டுமோ?" என்று அவன் கேட்டது நியாயம்தான்.

பங்குனிக் கடைசியில் ஒரு மத்தியானம் ரொசேர் கொட்டிலுக்கு வந்தார். தானாகவே சொன்னார்.

அவருக்கு ஒரு அண்ணன் இருந்தாராம், பெயர் பெர்னாண். 1958ஆம் ஆண்டு மாரிக் குளிரில் இருவரும் அந்தக் குற்றிகளில் கயோட்டிக்குக் காத்திருந்தார்கள். குட்டி மாதிரிக் கத்துவது அண்ணன். நடுச்சாமம் ரவை முடிந்தது. எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறேன் என்று தம்பி வீட்டுக்குப் போனார். குசினி அடுப்புச் சூட்டில் உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். விடியப் போய்ப் பார்த்தபோது அண்ணன் குற்றியில் இருந்தபடி விறைத்திருந்தார். பக்கத்துக் குற்றியில் பனி துடைத்திருந்தது. தம்பி வந்தால் இருப்பதற்கு.

"அதுக்குப் பிறகு அந்த இடத்துக்கு நீங்கள் போனதில்லையா?" என்று கேட்டேன்.

ஒரு நாளும் இல்லை என்றார். முப்பத்தெட்டு வருடமாக மேல்தட்டிலிருந்து பார்ப்பது மட்டும்தான். எவ்வளவு பனி கொட்டினாலும் அந்தக் குற்றி துடைத்தபடி இருக்கும். மாரி இரவுகளில் வயலிலிருந்து தன் பெயரைக் கூப்பிடுவது கேட்கும்.

"இந்த மாரியில் அது நின்றுவிட்டது" என்றார். "நீ ஓடிவந்த இரவோடு."

"அப்ப இப்ப ஒன்றும் கேட்கிறதில்லை?"

"கேட்கிறது. வேறு பெயர்."

கிழவர் கண்ணை மூடி, கேட்டதை அப்படியே சொல்கிறவர் போல, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். 'மனி' என்பதற்கு மேல் ஒரு நாளும் வராத அந்த வாயால்.

"மணி... வாச... கம்."

நான் கேட்டேன். அந்தக் குற்றியில் என்னை ஏன் இருத்தினீர்கள்?

அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். கதவடியில் நின்று, அவர் வாயிலிருந்து நான் ஒருபோதும் கேட்காத சொல்லைச் சொன்னார்.

"திரும்பி வருகிறேன்."

சிரித்த முகத்தோடு போனார்.

அந்தக் கிழமையே ஆடுகளையும் குட்டிகளையும் விற்றோம். நான் இன்னும் புவாண்ட்-கிளேரில் பெட்டி இறக்குகிறேன். நாரி இன்னும் நோகிறது. விடியற்காலை வேலைக்கு வெளிக்கிடும்போது, வாசலில் நின்று "போறன்" என்று மட்டும் சொல்கிறேன். ஜெகதீஸ்வரிக்கு அது பிடிக்கவில்லை.

"மனுசர் மாதிரி ஒருக்கா வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோவன்" என்கிறாள்.

ஒருக்காச் சொல்லிவிட்டேன். அதை அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.