இரும்பு ஆகாத குடிசை

காந்தப் படல ஆராய்ச்சி என்பது, ஒன்றுமே இல்லாத இடமாகத் தேடிப் போய், அங்கே ஏன் என்னமோ இருக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் தொழில். கருவியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். பட்டணத்து மின்சார ரயில் என் அளவுகளைக் கெடுத்ததால், எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் ஓர் ஆணிகூட இல்லாத மண் குடிசைக்கு என்னை அனுப்பினார் பேராசிரியர். மார்ச்சில் அவர் ஓய்வு பெறுகிறார். அதற்குள் அளவுகள் முடியாவிட்டால் என் நான்கு வருட உழைப்பு அம்போ. வேறொருவரிடம் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும்.

பிலிம்

குடிசையைப் பார்த்துக்கொண்ட சின்னாண்டி, இங்கே என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டார். மெல்லிய படலம் என்பதை ஆங்கிலத்தில் "தின் பிலிம்" என்று சொல்லித் தொலைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் மூன்று ஊர் ஜனம் பாயோடு வந்து உட்கார்ந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் நகத்தளவு கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினேன். இதன்மேல் பூசியிருக்கும் படலத்தில் கம்ப்யூட்டருக்கான கணக்கைக் காந்தத்தால் எழுதலாம், அழிக்கலாம் என்று விளக்கினேன். துண்டு கைமாறிக் கைமாறி, ஊர்ப்பட்ட கைரேகையோடு திரும்பியது. ஒரு சாம்பிள் காலி. சின்னாண்டி மட்டும் எழுந்து கேட்டார்: "எழுதனதும் தெரியல, அழிச்சதும் தெரியல. இன்னாம்மா, எங்களுக்கே பிலிம் காட்றீங்களா?"

பஸ்

எங்கள் பக்கம் பஸ் வருவதே அபூர்வம். அதன் இரும்புக்கு, அது வளைவில் திரும்புமுன்பே என் காந்தமானியின் முள் ஆடிவிடும். இதைப் பெருமையாகச் சின்னாண்டியிடம் சொன்னது என் புத்தி. மறுநாளிலிருந்து போளூர் போகிறவர்கள் எல்லாரும் ரோட்டை விட்டுவிட்டு என் வாசலில் நிற்க ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் சின்னாண்டி இடுப்பில் கொடுவாளோடு உள்ளே வந்து, "முள்ளு ஆடிச்சுங்களா?" என்று எட்டிப் பார்த்தார். முள் துள்ளியது. "வருது!" என்று நானும் கத்திவிட்டேன். மூட்டை முடிச்சோடு ஓடிய கூட்டம் ஒரு மணி நேரம் வெயிலில் நின்றது. திரும்பி வந்த சின்னாண்டி சொன்னார்: "பொட்டி பொய் சொல்லுதுங்க. கெவர்மென்ட்டு பொட்டிதானே?"

ஊக்கு

பிப்ரவரியில் ஒரு காலை, கருவி தாளில் வரையும் கோடு ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துவிட்டது. பூஜ்ஜியத்துக்கு இரண்டு புறமும் சமமாக நிற்க வேண்டியது. பக்கத்தில் எங்கோ இரும்பு இருந்தால்தான் இப்படி ஆகும். கொண்டை ஊசி, சேப்டி பின் எல்லாம் போயின. ரவிக்கை ஊக்குகளைப் பிய்த்துவிட்டு நூல் முடிச்சு போட்டேன். மானம் போனாலும் கோடு அசையவில்லை. பதினோரு நாள் இப்படியே. நடுவில் பேராசிரியருக்கு எழுதினேன். பதிலாக ஒரு கார்டு வந்தது: "பிழை கருவியில் இல்லையென்றால், அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் தேடவும்."

வாசற்படி

பன்னிரண்டாம் நாள் சாமைச் சோறு கொண்டுவந்த சின்னாண்டியின் மனைவி காளியம்மா, நான் அழுவதைப் பார்த்துவிட்டாள். எங்கேயோ இரும்பு இருக்கிறது, கிடைக்கவில்லை என்றேன். அவள் சாவகாசமாக வாசற்படியைக் காட்டினாள். தோண்டினால் பாதிக் கதிர் அரிவாள்! "வயசுப் பொண்ணு தனியா கீறே. பொட்டியாண்ட இங்கிலீசுல திட்டிக்கினு வேற இருந்தே. இன்னாவோ புடிச்சிக்கிச்சோன்னு பயந்து பூட்டேன். இரும்பு இருந்தா பேய் அண்டாது கண்ணு."

வந்த ஆத்திரத்துக்கு அரிவாளை அவள்மேலேயே வீசியிருப்பேன். அப்போதுதான் உறைத்தது. "என்னிக்குப் புதைச்சீங்க?" "சந்தைக்குப் போய்ட்டு வந்த மறுநாளு, விடியக்காத்தால." குறிப்பேட்டோடு நாள் பொருந்தியது. இரும்பு ஒரே இடத்தில் கிடந்ததால் நகர்வும் எல்லா நாளும் ஒரே அளவு. அதைக் கழித்தால் பதினோரு நாளும் பிழைத்துவிடும்! சோற்றுச் சட்டியோடு காளியம்மாவைக் கட்டிக்கொண்டேன்.

மார்ச் முடிய நாலு நாள் இருக்கையில் ஆய்வேட்டைக் கொண்டுபோய் வைத்தேன். அரிவாள் கதையை ஒளிக்காமல் எழுதியிருந்தேன். பேராசிரியர் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார், கையெழுத்துப் போட்டார், பேனாவை மூடினார். "இரும்பைக் கழிச்சுட்டே, சரி. பேய்க்கு என்ன திருத்தம் போட்டே?"

அந்தப் பதினோரு நாளும் பேய் வந்ததாக என் குறிப்பேட்டில் பதிவு எதுவும் இல்லை என்பதால், காளியம்மாவின் இரும்பு வேலை செய்யவில்லை என்று நிரூபிக்க, கருவியோடு மல்லுக்கட்டும் சக நோயாளிகளே, இன்றுவரை என்னிடம் ஓர் அளவும் கிடையாது.