ஒற்றை இருக்கை விமானம்

ஹார்லன் நூட்சனுக்கு எழுபத்தேழு வயது. அவர் விமானத்துக்குப் பத்தொன்பது. இரண்டுக்கும் குளிர் ஆகாது. கிளம்புவதற்கு முன் இரண்டும் நாலு தடவை இருமும்.

விமானத்தை அவரே கட்டினார். வீட்டுக் கார் ஷெட்டில் பதினோரு வருஷம், மரமும் துணியும் பசையுமாக. அப்போது இடுப்பு முப்பத்திரண்டு அங்குலம். உட்காரும் குழியை அதற்குத்தான் அளவெடுத்துச் செய்தார். இடுப்பு பிறகு அதன் போக்கில் போய்விட்டது, குழி மட்டும் அப்படியே இருந்தது. இப்போதெல்லாம் வெளியே வர, இறக்கைமேல் வயிற்றால் உருண்டு புல்லில் முழங்காலூன்ற வேண்டும். விமானக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தித்தான் இந்தக் கூத்தைச் செய்வார்.

ஒரே ஒரு இருக்கை. "நான் எங்க உக்கார்றது?" என்று மனைவி ஜோன் கேட்டபோது, "இது என்ன பஸ்ஸா?" என்றார். பக்கத்தில் ஒரு ஜீவன் உட்கார்ந்து வாயைத் திறக்கக் கூடாது என்பதற்காகத்தானே மனிதர் அத்தனை பாடுபட்டது.

அமெரிக்காவின் அயோவாவில் அவர் பறக்கும் புல் ஓடுதளத்தில் சனிக்கிழமை காலை பான்கேக் தின்றுவிட்டுக் கிழங்கள் எல்லாம் மடக்கு நாற்காலிகளில் வரிசையாக உட்காரும். யார் வந்து இறங்கினாலும் அட்டையில் மதிப்பெண் தூக்கிக் காட்டும். ஹார்லன் முதன்முதலாக இறங்கிய நாளில் எல்லோரும் எட்டும் ஒன்பதும் காட்ட, வெர்ன் ஸ்டாடல்மன் மட்டும் இரண்டு காட்டினான். அன்றைக்குப் பிடித்த கடுப்பு. அதன்பின் ஹார்லன் அவனுக்கு மனசுக்குள்ளேகூட மரியாதை கொடுத்ததில்லை. இது அவர் கதை, நாமும் கொடுக்கப்போவதில்லை.

இந்த வருஷம் ஓடுதளத்தை நடத்தும் விமான மன்றத்தில் புது விதி. எழுபத்தைந்து தாண்டியவர்கள், பரிசோதகரைப் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். இல்லையென்றால் விமானம் நிறுத்தக் கொட்டகை கிடையாது. கொட்டகை இல்லாவிட்டால் துணி இறக்கை ஒரு ஆலங்கட்டி மழைக்குத் தாங்காது, அதோடு ஹார்லன் பறந்தது முடிந்தது. யோசனை வெர்னுடையது. பரிசோதகனும் வெர்ன்தான். அங்கே மற்றவர்கள் கட்டியதெல்லாம் ஒற்றை இருக்கை. இரண்டு பேர் உட்காரும் விமானம் அவனிடம் மட்டுமே இருந்தது.

ஜூலை மாதச் சனிக்கிழமை ஒன்றில் இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு அதில் ஏறினார்கள்.

"தள்ளி உக்காருய்யா," என்றார் ஓட்ட உட்கார்ந்த ஹார்லன்.

"எங்க தள்றது, இறக்கை மேலயா? விமான மூக்க ஏன் இவ்ளோ தூக்குற?"

"உன் மூக்க விடக் கம்மிதான்."

சோளக்காட்டின் மேல் திரும்பும்போது, மருந்தடிக்கிற விமானம் ஒன்று சட்டென்று எதிரே மேலேறி வந்தது. நல்ல மஞ்சள் நிறம். வெர்ன் அதை நேராகப் பார்த்தபடி சும்மா இருந்தான். ஹார்லன் கைப்பிடியை முரட்டுத்தனமாக ஒடித்துத் திருப்பினார். அது குறுக்கே உறுமிக்கொண்டு போயிற்று.

"என்னய்யா பண்ற? கவுக்கப் பாக்குறியா?"

"முன்னாடி வந்தது தெரியலையா?"

"என்னது வந்துச்சு?"

ஹார்லன் திரும்பி அவன் கண்களைப் பார்த்தார். இப்போதெல்லாம் பக்கத்து நாற்காலிக்காரனைக் கேட்டுவிட்டு இவன் மதிப்பெண் போடுவது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. இறங்கியதும் வெர்ன் படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டு நீட்டினான்.

"வாங்கிட்டுப் பேசாம வீட்டுக்குப் போ, ஹார்லன்."

போயிருக்கலாம். ஆனால் பத்தொன்பது வருஷமாக அந்த இரண்டு மதிப்பெண் நெஞ்சில் கிடந்து அரித்துக்கொண்டிருந்தது. படிவத்தை மன்றச் செயலாளர் மார்லிஸிடம் கொடுத்துவிட்டு, நாற்காலிகள் அத்தனைக்கும் கேட்கும்படி ஹார்லன் சொன்னார்.

"வெர்ன், நம்ம குறுக்க போன விமானம் என்ன கலருன்னு சொல்லு பாப்போம்."

வெர்ன் நின்றான். "வெள்ளை."

யாரும் சிரிக்கவில்லை. அந்த மஞ்சளை எல்லோரும்தான் பார்த்திருந்தார்கள். ஹார்லனுக்கு அந்த மௌனம் பான்கேக்கை விட இனித்தது.

மார்லிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "அப்போ, நீ ஓட்டினத இவரு எங்க பாத்தாரு?" என்றாள். படிவத்தை நாலாகக் கிழித்துக் காப்பிக் கோப்பைக்குள் போட்டாள்.

"வேற ஆள வெச்சு ஓட்டிக் காட்டுறேன்."

"எந்த விமானத்துல?"

ஹார்லன் வெர்னைப் பார்த்தார்.

"என்னுத வித்துருவேன்," என்றான் வெர்ன். "அதுவரைக்கும் நீ அதத் தொட முடியாது."

சொல்லிவிட்டு நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தான். தன் கார் எது என்று தெரியாமல் இரண்டு கார்களைத் தடவிப் பார்த்தான். அதைப் பார்த்தும் ஹார்லனுக்கு ஆத்திரம் குறையவில்லை. இப்போது பாதி ஆத்திரம் தன் மேலேயே இருந்தது, அது இன்னும் மோசமாக எரிந்தது.

சாப்பாட்டு மேஜையில் ஜோன் எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள்.

"அதுல இன்னொரு சீட்டு போட எவ்ளோ நாளாகும்?"

ஹார்லன் உருளைக்கிழங்கை முள்கரண்டியால் குத்தினார்.

"பதினோரு வருஷம்," என்றார்.