பக்கத்து இருக்கைக்காரி

தங்கமாரிக்குச் சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். பன்னிரண்டாவது முடித்த கையோடு ஒரகடத்துக்கு வேலைக்கு வந்தவள். செல்போனுக்குள் வைக்கிற சின்னச் சின்ன போர்டுகளைச் சோதித்துத் தட்டில் அடுக்குகிற வேலை. பெரிய கம்பெனியில் நூறு பேரோடு கலகலவென்று இருக்கிறாள் என்றுதான் ஊரில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நூறு பேர் இருந்தது வாஸ்தவம். கலகலப்புதான் இல்லை.

உள்ளே போகும்போது தலையிலிருந்து கால்வரை நீல அங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். தலைக்குத் தொப்பி, மூக்குக்கும் வாய்க்கும் மாஸ்க், கைக்கு உறை. ஒரு முடி விழுந்தாலும் போர்டு பாழ் என்பார்கள். கண் இரண்டும்தான் வெளியே தெரியும். நெஞ்சில் பேர் இருக்காது, நம்பர்தான் இருக்கும். பேசக் கூடாது. பேசினாலும் மெஷின் இரைச்சலில் காதில் விழாது.

சாப்பாட்டுக்கும் சேர்ந்து போக முடியாது. லைன் நிற்கக் கூடாது அல்லவா? ஒருத்தி போய்வரும்வரை பக்கத்து இருக்கைக்காரி இரண்டு இடத்தையும் பார்த்துக்கொள்வாள். அவள் வந்தபின் இவள் போவாள். எழுந்திருக்கிறவள் மேஜையில் விரலால் இரண்டு தட்டு தட்டுவாள். பார்த்துக்கோ, வந்துவிடுகிறேன் என்று அர்த்தம். யார் ஆரம்பித்த வழக்கமோ, எல்லா லைனிலும் அதுதான்.

தங்கமாரியின் பக்கத்து இருக்கைக்கு இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு புதுப் பெண் வந்தாள். மதிவதனி என்று சூப்பர்வைசர் பிரசன்னா கூப்பிட்டதை வைத்துப் பேர் தெரியும். அவள் போகிற கம்பெனி பஸ் முதலில் கிளம்பிவிடும் என்பதால், ஷிப்ட் முடிந்ததும் அங்கியும் மாஸ்க்குமாக ஓடுவாள். முகத்தைப் பார்த்துக்கொள்ள இருவருக்கும் வாய்க்கவில்லை.

ஆனால் அந்தக் கண்ணைத் தங்கமாரிக்கு அவ்வளவு பிடிக்கும். அப்பா இறந்து வருஷத் திதி வந்தபோது அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. ஊரில் அம்மா படையல் போடுகிற நேரத்தில் இவள் லைனில் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர் முட்டி, மாஸ்க் நனைந்து, கை ஓடவில்லை. தட்டு நிரம்பாமல் தேங்கியது. பக்கத்திலிருந்து ஒரு கை வந்து அவள் போர்டுகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தாள். அந்தக் கண்ணும் கலங்கியிருந்தது. யார் என்ன என்று கேட்காமல் தனக்காக அழ இந்த ஊரில் ஒருத்தி இருக்கிறாளே என்று அன்றைக்குச் சாமியை நினைத்துக்கொண்டாள்.

தங்கமாரி குடியிருந்த வரிசை வீட்டின் சொந்தக்காரம்மா சந்திரம்மாள், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். மனசு நல்லது, வாய்தான் நீளம். "ரெண்டு வருசமா கீற, உனக்குத் தெரிஞ்சது ரெண்டே ரோடு. ஒண்ணு கம்பெனி பஸ்ஸு போற ரோடு, இன்னொண்ணு கோயிலு" என்று கேலி செய்வாள். அது உண்மைதான். வாசலில் ஏற்றி வாசலில் இறக்கிவிடுகிற பஸ்ஸில் போய்வரும் பிள்ளைகளுக்கு வழி எங்கே தெரியப்போகிறது? சந்திரம்மாள் புத்தியும் சொல்லுவாள். "ரோட்ல எவளாவது அழுதுகினு வந்து கையப் புடிச்சா நிக்காதம்மா. போன மாசம் இப்டித்தான் ஒரு பொண்ணு கம்மலக் குட்த்துட்டு வந்து நின்னுச்சு." தங்கமாரி அதை மனதில் முடிந்து வைத்திருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்கு வார விடுமுறை. படப்பை அம்மன் கோயிலில் எலுமிச்சம்பழ விளக்குப் போடக் கிளம்பினாள். ஒரகடம் கூட்டு ரோட்டில் ஷேர் ஆட்டோவில் ஒரு காலை வைக்கும்போது பின்னாலிருந்து யாரோ மணிக்கட்டைப் பிடித்தார்கள். தலை கலைந்து, துப்பட்டா ஒரு பக்கம் தொங்க, முகம் வீங்கிப்போன ஒரு பெண். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"அக்கா, எங்கம்மா போயிட்டாங்கக்கா. விழுப்புரம் போவணும், எப்படிப் போறதுன்னே தெரியல. பஸ் ஏத்தி மட்டும் வுடுக்கா."

சொல்லும்போதே அவள் விரல் தங்கமாரியின் மணிக்கட்டில் தட்டியது. தங்கமாரியின் பார்வை அந்தப் பெண்ணின் கையிலும் தன் பையிலும்தான் இருந்தது.

"யாருட்டி நீ? ஒன்னைய எனக்குத் தெரியாது. கையை விடு."

அந்தப் பெண் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். ஆட்டோ நகர்ந்தது. "நல்லா கேட்ட போ. இதுங்களுக்கு இதே பொழப்பு" என்றாள் உள்ளே இருந்த பூக்காரி. தங்கமாரிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. விளக்கை ஏற்றி, கெட்டவர்கள் கையில் சிக்காமல் காப்பாற்றினாயே தாயே என்று விழுந்து கும்பிட்டாள்.

மறுநாள் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. ஆள் மாற்ற வந்த பிரசன்னா, தங்கமாரியின் காதருகே குனிந்து சத்தமாகச் சொன்னார்.

"மதிவதனிக்கு அம்மா தவறிட்டாங்க. ஊர்லேர்ந்து போன் பண்ணிச்சு. உங்களக் கூட்டு ரோட்ல பாத்துச்சாம். நீங்க எலுமிச்சம்பழத்தோட கோயிலுக்கு அவசரமாப் போய்க்கினு இருந்தீங்களாம், பேச முடியலையாம். அக்காகிட்ட சொல்லிடுங்கன்னுச்சு."

தங்கமாரியின் கையிலிருந்த போர்டு தட்டில் விழுந்தது. மணிக்கட்டில் தட்டிய விரல் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு தட்டு. காட்டிக்கொடுக்கவும் இல்லையே அந்தப் பெண், அவசரமாம், பேச முடியலையாம்.

அந்த முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். வரவே இல்லை. பார்த்திருந்தால்தானே வரும்? மாஸ்க்குக்குள் அவள் முகம் தீயாக எரிந்தது. யாருக்கும் அது தெரியவில்லை. தெரியாததும் வெட்கமாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டாள். அன்றைக்குச் சொன்ன நன்றியை அம்மன் கேட்டுக்கொண்டுதானே இருந்திருப்பாள். அவள் சந்நிதியில் போய் எப்படி நிற்பது? உடம்புக்கு என்ன என்று சந்திரம்மாள் கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். மதிவதனி திரும்பி வருவதற்குள் வேறு லைனுக்குப் போய்விட வேண்டும் என்று பிரசன்னாவிடம் கேட்டு வைத்தாள். ஒன்றாம் தேதிக்கு மாற்றித் தருகிறேன் என்றார்.

அதற்குள் மதிவதனி வந்துவிட்டாள். உட்காரும்போது தங்கமாரியைப் பார்த்துத் தலையசைத்தாள். கண் இரண்டும் குழியில் கிடந்தன. தங்கமாரி தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரம் வந்தது. மேஜையில் தட்ட மதிவதனி விரலைத் தூக்கினாள். எப்போதும்போலத் தன்னை நம்பித்தான் எழுந்திருக்கப் போகிறாள் என்று நினைத்ததும் தங்கமாரிக்குத் தாங்கவில்லை. அந்தக் கையை உறையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு எழுந்து பிரசன்னாவிடம் போனாள். இன்றைக்கு ஒரு நாள் இருவரும் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று கேட்டாள். லைன் நின்றால் என் தலைதான் உருளும் என்று முணுமுணுத்தவர், அவள் கண்ணைப் பார்த்துவிட்டு இரண்டு பேரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்.

கேன்டீனில் மதிவதனி மாஸ்க்கைக் கழற்றினாள். மேலுதட்டில் சின்ன மச்சம். முன்பல் ஒன்று ஓரம் உடைந்திருந்தது. இருபதுகூட இருக்காது. இந்தப் பிள்ளையைத்தான் யாருட்டி என்று கேட்டோமா என்று நினைத்த தங்கமாரி தன் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"மதி, அன்னைக்கு ஒன்னைய எனக்கு நெசமாவே அடையாளம் தெரியலை. ஆனா யாரோ ஒரு பிள்ளையா இருந்தாலும் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

மதிவதனி சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள். "எனக்கு உங்களத் தெரிஞ்சுதேக்கா. தூரத்துலயே கண்ணப் பாத்துத் தெரிஞ்சிக்கிட்டேன்."

அவள் குத்திக்காட்டவில்லை. உள்ளதைச் சொன்னாள். அதனால்தான் அது அப்படித் தைத்தது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாயா என்று கேட்கவே தங்கமாரிக்குப் பயமாக இருந்தது. இருந்தாலும் கேட்டாள்.

"எது மொதல்ல வந்துச்சோ அதுல ஏறிட்டேன். அது வாலாஜாபாத் பஸ்ஸு. எறங்கித் திரும்பி வந்து, அப்புறம் சிங்கபெருமாள்கோயில் போய்… பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும்னு சொல்லிட்டாங்களாம். நான் போறப்ப ஈர மண்ணுதான்க்கா இருந்துச்சு. தம்பி மட்டும் நின்னுக்கிட்டிருந்தான்."

மன்னித்துவிடு என்று சொல்லத்தான் தங்கமாரி வந்திருந்தாள். ஈர மண்ணுக்கு எதிரே அந்த வார்த்தையை எடுக்கவே கூச்சமாக இருந்தது. தட்டிலிருந்த சோறு அப்படியே காய்ந்தது.

கடைசியில், "முப்பதாம் நாளுக்குப் போவேல்லா? நான் கூட வாரேன்" என்றாள்.

மதிவதனி வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "பஸ்ஸு எங்க நிக்கும்னு மட்டும் காட்டுங்கக்கா" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

ஒன்றாம் தேதி பிரசன்னா வேறு லைனில் இடம் இருப்பதாகச் சொன்னபோது தங்கமாரி வேண்டாம் என்றுவிட்டாள். ஓடிப்போவது சுலபம். அந்தக் கண்ணுக்குப் பக்கத்தில் தினமும் உட்கார்ந்திருப்பதுதான் தனக்குச் சரி என்று பட்டது. சந்திரம்மாளிடம் விழுப்புரத்துக்கு வழி கேட்டாள். எந்தப் பக்கம் நிற்பது, எங்கே மாறுவது என்று கேட்டுத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். "இன்னாம்மா, மூணாவது ரோடு கத்துக்கிறியா?" என்று சந்திரம்மாள் சிரித்தாள். தங்கமாரிக்குச் சிரிப்பு வரவில்லை.

முப்பதாம் நாளுக்கு முந்தின நாள் காலை, விடிந்த கையோடு தங்கமாரி கூட்டு ரோட்டுக்கு வந்துவிட்டாள். ஷேர் ஆட்டோக்கள் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. இறங்கிய ஒவ்வொரு முகத்தையும் விடாமல் பார்த்தாள். எத்தனை பிள்ளைகள். ஒன்றுகூட அவளுக்குத் தெரிந்த முகம் இல்லை.

எதிர்ப்பக்கம் ஒரு பெண் பையோடு இறங்கி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றாள். மேலுதட்டில் மச்சம்.

"மதி" என்று தங்கமாரிதான் முதலில் கூப்பிட்டாள்.

மதிவதனி ரோட்டைக் கடந்து வந்தாள். பையின் ஒரு காதை அவளிடம் நீட்டினாள். தங்கமாரி வாங்கிக்கொண்டாள். அந்தக் கண்ணை நேராகப் பார்க்க அவளுக்கு இன்னும் தைரியம் வரவில்லை. பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.