குமுளியில் அரைமணி நேரம்

கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கையில் கிடந்தால் எழுத்து ஓடாது. வெள்ளைத் தட்டு, பெரிய முட்கள், பழுப்புத் தோல் வார். வாரை மட்டும் மூன்று முறை மாற்றியிருக்கிறேன். எனக்குக் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர் வேலை கிடைத்த வாரத்தில் அக்கா கம்பத்துக்குப் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தது. கடையில் நின்று, "வாத்தியாரு கட்டுற மாதிரி ஒண்ணு குடுங்க" என்று கேட்டாளாம். வாத்தியாருக்கென்று தனியாக எதுவும் வருவதில்லையே என்று கடைக்காரர் சிரித்தாராம். "அப்ப முள்ளு பெருசா உள்ளதா குடுங்க, கடைசி பெஞ்சுப் பிள்ளைகளுக்கும் தெரியணும்ல" என்றாளாம். இத்தனை வருடத்தில் அது ஒரு நாளும் தப்பு நேரம் காட்டியதில்லை. தப்பு செய்தது நான்.

அக்கா எனக்குப் பத்து வயது மூத்தவள். கூடலூரில் விடியும்போது ஜீப்பில் ஏறி, மலைப்பாதையில் குமுளிக்குப் போய், அதற்கும் மேலே ஏலத்தோட்டத்தில் குனிந்து காய் எடுத்துவிட்டு, பொழுது சாய அதே ஜீப்பில் இறங்கி வருகிற பெண்களில் அவளும் ஒருத்தி. ஒரு ஜீப்பில் பதினைந்து பேர் இருப்பார்கள். அந்தக் கொண்டைஊசி வளைவுகளை அவள் கண்ணை மூடிக்கொண்டே எண்ணுவாள்; எந்த வளைவில் யார் மடியில் யார் விழுவார்கள் என்பதுகூட அவளுக்குத் தெரியும். கடலை அவள் பார்த்தது ஒரே ஒரு முறை, வேளாங்கண்ணிக்குப் போனபோது. எப்படி இருந்தது என்று கேட்டேன். "பெரிய கம்மாதான், தண்ணிதான் வாயில வைக்க முடியல" என்றாள். அதற்குமேல் கடலைப் பற்றிப் பேச அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

அந்தக் கடலில்தான் எனக்குப் பிழைப்பு என்று ஆனது. மாணவர்கள் சேரவில்லை என்று சொல்லிக் கல்லூரியில் எங்கள் துறையையே மூடிவிட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய விலங்கியல்காரனை எவன் சேர்ப்பான்? ஏறாத படி இல்லை. விடுமுறை நாட்களில் மேகமலைக் காட்டில் இருவாச்சிப் பறவைகளைத் தேடி அலைந்ததும், பழைய மிளகுக் கப்பல்களைப் பற்றி ஆசைக்குப் படித்து வைத்திருந்ததும்தான் மிச்சம். பழைய மாணவன் ஒருவன் உல்லாசக் கப்பலில் வேலை பார்த்தான். அவன் சொல்லித்தான் இப்படி ஒரு வேலை இருப்பதே எனக்குத் தெரிந்தது. இந்தக் கப்பல்கள் சில நாட்கள் எந்தக் கரையையும் தொடாமல் போகும். அந்த நாட்களில் பயணிகளுக்குப் பொழுது போக வேண்டும். காலை பத்து மணிக்கு அரங்கத்தில் ஒருவன் மேடையேறித் திமிங்கிலம், கடற்பறவை, பருவக்காற்று, பழைய துறைமுகம் என்று படம் காட்டிப் பேச வேண்டும். அந்த ஒருவன் நான். சொன்னதும் அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "கப்பல்ல கதை சொல்ல ஆளு வச்சிருக்காகளா? ஏலே, அவுக அம்புட்டுப் பேருக்கும் வேற சோலி இல்லையா?"

சோலி இல்லாதவர்கள்தான், ஆனால் மார்க் போடுவதில் கில்லாடிகள். பயணம் முடியும்போது ஆளுக்கொரு அட்டையில் எழுதிக் கொடுப்பார்கள். பாட்டுக்காரிக்கு இத்தனை, மந்திரவாதிக்கு இத்தனை, எனக்கு இத்தனை. முதல் பயணத்தில் என் அட்டைகள் சுமார்தான். "குரல் தூக்கம் வரவைக்கிறது" என்று ஒரு மகராசி எழுதியிருந்தாள். நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொள்ளும் மேலாளர் அம்மா அதை எனக்குக் காட்டி, அடுத்த பயணத்திலும் இப்படியே இருந்தால் கூப்பிட மாட்டார்கள் என்று இனிமையாகச் சொன்னார். முப்பது வருடம் வகுப்பெடுத்தவன் நான். கேட்டுக்கொண்டு நின்றேன்.

என் பேச்சுகளில் கொஞ்சமாவது எடுபட்டது ஒன்றுதான், கடிகாரத்தைப் பற்றியது. பழைய கப்பல்காரர்களுக்கு நடுக்கடலில் தாங்கள் கிழக்கு மேற்காக எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று தெரியாது. பிறகு ஒரு வழி பிறந்தது. புறப்பட்ட ஊரின் நேரத்தை ஒரு கடிகாரத்தில் வைத்து, அதைத் திருத்தாமல் கூடவே கொண்டுபோக வேண்டும். உச்சி வெயிலில் அதை எடுத்துப் பார்த்தால், ஊர் நேரத்துக்கும் இங்கே இருக்கிற பொழுதுக்கும் உள்ள வித்தியாசம் நாம் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடும். இந்த இடத்தில் நான் கையைத் தூக்கி அக்காவின் கடிகாரத்தைக் காட்டுவேன். உண்மையிலேயே அதில் எப்போதும் நம் ஊர் நேரத்தைத்தான் வைத்திருந்தேன். அக்கா ஜீப்பிலிருந்து இறங்கி, குளித்து, காப்பி குடித்து உட்கார்கிற ஏழு மணி எனக்குத் தெரிய வேண்டும். அப்போதுதான் போன் பேசலாம். கப்பல் நேரம் தெரிய வேண்டுமானால் அறையில் கடிகாரம் இருந்தது, தினமும் கதவடியில் தள்ளிவிட்டுப் போகிற நிகழ்ச்சித் தாளும் இருந்தது.

இரண்டாவது பயணத்துக்கு நான் ஏறிய பத்தாம் நாள், அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. மதுரைக்குக் கூட்டிப்போய், திறந்து பார்த்து, அப்படியே மூடிவிட்டார்கள். அக்கா வீட்டுக்காரர், மாமாதான் போனில் சொன்னார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டாக மாப்ள." எனக்கு இன்னும் ஐந்து வாரம் பாக்கி. இறங்கிப் போயிருக்கலாம். என் கையை யாரும் கட்டிப்போடவில்லை. அட்டைகளுக்குப் பயந்துகொண்டு, மாதக்கணக்கில் இருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கோழை மாதிரிக் கப்பலிலேயே இருந்தேன். இதை அலங்காரம் பண்ணிச் சொல்ல என்னிடம் வேறு வார்த்தை இல்லை.

அந்தப் பயணத்தில் இந்தியக் கரை ஒரே ஒரு நாள்தான் வந்தது, கொச்சியில். மாலத்தீவிலிருந்து வருகிறோம், கொச்சியை விட்டால் அடுத்தது ஓமன். அந்த ஒரு நாளுக்காகக் கடிகாரங்களை முன்னால் தள்ளி மறுபடி பின்னால் தள்ளுவானேன் என்று கேப்டன் மாலத்தீவு நேரத்தையே வைத்துக்கொண்டார். அது நம் நேரத்துக்கு அரைமணி பின்னால். கப்பலில் ஐந்து என்றால் கொச்சித் தெருவில் ஐந்தரை. முந்தின நாள் மேடையில் இதைப் பயணிகளுக்கு விளக்கியவனே நான்தான். "கப்பல் நேரம் ஐந்து மணிக்கு எல்லாரும் உள்ளே இருக்க வேண்டும். கரை நேரத்தைப் பார்த்துக் குழம்பாதீர்கள்" என்று மூன்று தரம் சொன்னேன். நேரம் தவறித் துறைமுகத்தில் ஓடிவருகிறவர்களை மேல்தளத்திலிருந்து கைதட்டி வேடிக்கை பார்ப்பார்கள் என்று ஒரு நகைச்சுவையும் சொன்னேன். நன்றாகச் சிரித்தார்கள்.

கொச்சியிலிருந்து குமுளிக்கு மலையேற நாலேகால் மணி நேரம். அதற்குக் கீழே கூடலூருக்கு இறங்கி ஏற நேரம் போதாது. அக்காவே வழி சொன்னாள். "நீ குமுளி வரைக்கும் வா. நான் ஜீப்புல ஏறி வந்துர்றேன். எனக்கென்ன, தெனம் ஏறுன ரோடுதான்." வேண்டாம் என்றேன். "படுத்துக்கிட்டேதான வரப்போறேன்? முன்னெல்லாம் பதினஞ்சு பேரு நடுவுல நசுங்கிக்கிட்டு வந்தேன், இப்ப ஒத்த ஆளா மகாராணி கணக்கா வாறேன்" என்றாள். மேலாளர் அம்மா அனுமதி கொடுத்தார், நேரத்தைத் தவறவிட்டால் கப்பல் நிற்காது என்ற ஒரு வரியோடு. வாடகைக் காரில் என் கைக்கடிகாரத்தில் ஏழரைக்குப் புறப்பட்டேன். பதினொன்றே முக்காலுக்குக் குமுளி எல்லையில் இறங்கிவிட்டேன்.

ஒரு பக்கம் மலையாளம், ஒரு பக்கம் தமிழ். ஏலக்காய்க் கடை வாசனை. ஜீப்புகள் ஒவ்வொன்றாக மேலேறி வந்தன. ஒவ்வொன்றின் உள்ளேயும் குனிந்து பார்த்தேன். அக்கா இல்லை. மாமாவுக்குப் போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. மலைப்பாதையில் பாதி இடத்தில் சிக்னல் கிடையாது. கீழிருந்து வந்த டிரைவர் ஒருவர், வளைவில் லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே நிற்பதாகவும், சின்ன வண்டிகளை ஒவ்வொன்றாக ஓரத்தில் ஒதுக்கி விடுவதாகவும் சொன்னார். "வந்துருவாக சார், கொஞ்சம் பொறுங்க." பொறுத்தேன். இறங்கித் தமிழ்நாட்டுப் பக்கம் நூறு அடி நடந்தேன், திரும்பி வந்தேன். ஐந்து மணி, ஐந்து மணி என்று மண்டைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. நிமிடத்துக்கு நாலு தரம் கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாகப் பன்னிரண்டரை. இதற்குமேல் ஒரு நிமிடம் நின்றாலும் கப்பல் போய்விடும். காரில் ஏறினேன்.

கால்மணி நேரம் ஓடியிருப்போம், வண்டிப்பெரியாறு வருவதற்குள் போன் அடித்தது. அக்கா குரல். "ஏலே, இங்கன வந்துட்டேன். நீ எங்கன இருக்க?" காரை ஓரம் கட்டச் சொன்னேன். தேயிலைக்கு நடுவே ரோட்டில் இறங்கி நின்றேன். திரும்பிப் போகக் கால்மணி, மறுபடி இந்த இடத்துக்கு வரக் கால்மணி. அரைமணி நேரம். என்னிடம் அந்த அரைமணி இல்லை. "கெளம்பிட்டேன்க்கா" என்றேன். "போலே, வேலையப் பாரு. கப்பல் போயிரும். அடுத்த மாசம் வருவேல்ல, அப்பப் பாத்துக்கிருவோம்" என்றாள். "சாப்ட்டியா?" என்றாள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். காரில் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

துறைமுகத்தில் இறங்கியபோது என் கடிகாரத்தில் ஐந்துக்குப் பத்து நிமிடம். ஓடினேன். மேல்தளத்தில் கைதட்டுவார்கள் என்று குனிந்துகொண்டே ஓடினேன். யாரும் தட்டவில்லை. ஏணிப் பாலத்தின் அடியில் காவலர் நிதானமாக நின்றுகொண்டிருந்தார். பயணிகள் கயிற்றுப் பாய்களையும் மரயானைகளையும் சுமந்துகொண்டு அரட்டையடித்தபடி வந்துகொண்டிருந்தார்கள். காவலருக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்கிற அறிவிப்புப் பலகை இருந்தது. கப்பல் நேரம் என்று போட்டு அதன் கீழே கடிகாரம். அதில் நாலு இருபது. "சீக்கிரமே வந்துவிட்டீர்களே சார், இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது" என்றார் காவலர்.

பலகையையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தேன். ஊர் மண்ணில் கால் வைத்ததும் ஊர் நேரம்தான் நேரம் என்று மனசு எடுத்துக்கொண்டுவிட்டது. கப்பலின் ஐந்து மணியை அக்காவின் கடிகாரத்தில் தேடியிருக்கிறேன். முன்னூறு பேருக்கு மூன்று தரம் சொன்னவன். குமுளியிலேயே ஒரு மணி வரை காத்திருக்கலாம். போன் வந்த பிறகு திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டும் வந்திருக்கலாம். அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

மறுநாள் கரை தொடாத கடல் நாள். நிகழ்ச்சித் தாளில் பத்து மணிக்குக் கடிகாரப் பேச்சு அச்சாகியிருந்தது. பேசினேன். ஊர் நேரத்தைச் சுமந்து போகிறவன் தான் இருக்கும் இடத்தைத் தவறவிட மாட்டான் என்று வழக்கமாகச் சொல்கிற வரியையும் சொன்னேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அதைப் பேச்சுக்காகக் காட்டிய உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டார்கள். அந்தப் பயணத்தில் அட்டைகளில் எனக்கு விழுந்த மார்க் பாட்டுக்காரிக்குக்கூட விழவில்லை. மேலாளர் அம்மா கை குலுக்கினார். அக்கா இறந்த செய்தி வந்தபோது செங்கடலில் இருந்தோம், கரைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. நான் வருவதற்குள் கல்லறையில் போட்ட பூக்கூடக் காய்ந்துவிட்டது.

வீட்டில் மாமா மட்டும் இருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மாப்ள, ஒன்கிட்டப் போன்ல போ போன்னுட்டா. போன வச்சதும் எங்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? 'அவன் திரும்பி வந்துருவான், ஜீப்ப எடுக்காதீக'ன்னா. ரோட்டையே பாத்துக்கிட்டு அங்கனயே இருந்தா. அரைமணி நேரம். அப்பறம் அவளாத்தான் 'சரி, எடுங்க'ன்னா." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த லாரிக்காரன் மட்டும் குறுக்க நிக்காம இருந்திருந்தான்னா நீ அவளப் பாத்திருப்ப" என்றார்.

சொல்லியிருக்க வேண்டும். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "ஆமா மாமா, அந்த லாரிதான்" என்றேன்.

இப்போதும் மாமா சாப்பிட உட்கார்ந்தால் என்றைக்காவது அந்தப் பேச்சு வந்துவிடும். முகம் தெரியாத அந்த லாரிக்காரனை அவர் திட்டுவார். நானும் கூடச் சேர்ந்து திட்டிவிட்டுத்தான் சோற்றில் கை வைக்கிறேன். அடுத்த மாதம் மறுபடி கப்பல். அட்டைகளைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டிருக்கிறார்கள், அந்தக் கடிகாரப் பேச்சு கட்டாயம் வேண்டுமாம். எழுதி முடித்துவிட்டேன், மேசையிலிருந்து அதை எடுத்துக் கையில் கட்டிக்கொள்கிறேன். மணி ஏழு. ஊர் நேரத்தைச் சரியாகத்தான் காட்டுகிறது.