எலோயின் பிளாஸ்க்

ஸ்பெயினின் பில்பாவோ நகரத்துப் பழைய கடைத்தெருவில் உள்ள அந்தச் சாப்பாட்டுச் சங்கத்தில் இருபத்துநான்கு ஆண்கள் உறுப்பினர்கள். சமைப்பதும் அவர்களே. பெண்கள் விருந்தாளியாக மேசைக்கு வரலாம், சமையலறை வாசலைத் தாண்டக் கூடாது. இந்தப் புனித விதியின் நிழலில்தான் லிப்ட் மெக்கானிக் எலோய் லாரினாகா மகானானார்.

அவர் புகழ் பில்பில் என்ற மீன் சமையலால் வந்தது. காட் மீன் கருவாடு, ஆலிவ் எண்ணெய், பூண்டு, அவ்வளவுதான். மண்சட்டியைக் குலுக்கக் குலுக்க, எண்ணெய் கட்டித் தயிர்போல் திரள வேண்டும். எலோய் கதவைச் சாத்திக்கொண்டுதான் குலுக்குவார். ஜாக்கெட்டுக்குள் மனைவி கார்மெலே திரட்டிக் கொடுத்த சாறு பிளாஸ்கில் இருக்கும். பதினோரு வருஷமாக இப்படி. வீட்டுக்குப் போய், "எல்லாரும் உன் கையைத்தான் புகழ்றாங்க" என்பார். சங்கத்தில் அவள் பேரையே எடுக்கமாட்டார்.

ஆண்டு விழாவுக்கு முதன்முறையாக மனைவிமாரையும் அழைத்தார்கள். அன்று சமையல் முறை எலோயுடையது. "இன்னிக்கு கோட்சோன் சமைக்கிறான்" என்று சங்கத்து நண்பன் ஒருவன் பேரைக் கார்மெலேயிடம் சொல்லிவைத்தார். பிளாஸ்க் கேட்க வழியில்லை. பதினோரு வருஷம் நடித்த கைக்குக் கொஞ்சமாவது வந்திருக்காதா என்று நம்பினார்.

வரவில்லை. சட்டியில் எண்ணெய் எண்ணெயாகவே கொதித்தது.

வெளியே சாப்பாட்டுக் கூடத்துக் கரும்பலகையில் 'சமையல்: எலோய்' என்றிருந்ததைக் கார்மெலே படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கோட்சோன் உருகினான்: "கார்மெலே, உங்க வீட்டுக்காரர் கைக்குத் தங்கக் காப்பு போடணும். பதினோரு வருஷமா அந்தச் சாறுக்காகத்தான் நாங்க உயிரோட இருக்கோம்!"

"அவர் கையா?" என்றாள் கார்மெலே. எழுந்துபோய்ச் சமையலறைக் கதவைத் திறந்து, வாசலில் நின்றாள்.

"அடுப்பை அணை, எலோய். மீனைத் தனியா எடு. எண்ணெய் ஆறட்டும்."

"கார்மெலே, நான் வந்து..."

"பேசாதே. ஆறினதும் சட்டியை இங்க கொண்டா. உள்ள நான் வரக்கூடாதாமே."

வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு, மடியில் துண்டு விரித்து, சட்டியைச் சுழற்றினாள். இருபத்துமூன்று ஆண்கள் மூச்சை அடக்கிப் பார்த்தார்கள். எண்ணெய் வெளுத்தது, திரண்டது. சட்டியைக் கணவனிடம் நீட்டினாள். "போ, பரிமாறு. உன் பேர்தானே எழுதியிருக்கு."

சமைத்தவருக்குக் கைதட்டுவது சங்க வழக்கம். தலைவர் வழக்கம் தவறாதவர், தட்ட ஆரம்பித்துவிட்டார். எலோய் ஏப்ரனைப் பிசைந்தபடி நின்றார்.

"தட்டாதீங்க. ஒரு நாளும் நான் செய்யல. எல்லாம் இவ செஞ்சது. பிளாஸ்க்ல கொண்டு வந்தேன்."

கைகள் பாதியில் நின்றன.

"அந்த பிளாஸ்கா?" என்றான் கோட்சோன். "அல்சர் மருந்துன்னுல்ல நெனச்சோம்! அடப்பாவி, உனக்காக நான் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தினேனே!"

மேசையே அதிரச் சிரித்தார்கள். கார்மெலே மட்டும் சிரிக்கவில்லை. மீனைத் தின்று, ரொட்டியால் தட்டைத் துடைத்தாள்.

"உப்பு சரியா இருக்கு" என்றாள், அவரைப் பார்க்காமல்.

இரண்டு நாள் வேளை தவறாமல் தண்ணீர் மாற்றிக் கருவாட்டின் உப்பை இறக்கியது ஒன்றுதான் எலோய் தன் கையால் செய்த வேலை. அத்தனை சிரிப்பையும் தாங்கி நின்றவர், அந்த ஒரு சொல்லைத் தாங்காமல் தலையைக் குனிந்துகொண்டு, பாத்திரம் கழுவப் போனார்.