முகம் கழற்றிய யன்னல்

என் மனுசனுக்கு ஒரு யன்னலோடு கோபம். எங்கள் வீட்டு யன்னலோடு என்றால் ஒரு திரையைப் போட்டு மறைத்திருப்பேன். இது இத்தாலியில், பலேர்மோவின் பழைய நகரத்தில் பல நூறு வருடங்களாக நிற்கும் பேராலயத்தின் வண்ணக் கண்ணாடி யன்னல். அந்தக் கோபத்தில், எங்கள் ஒரே மகளின் கலியாணத்துக்கு உள்ளே வரவே மாட்டேன் என்று நின்றார். இன்றைக்குச் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்றைக்கு அழுதுகொண்டு நின்றேன்.

முதலில் அந்த யன்னலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பீடத்துக்கு வலப்பக்கம், நல்ல உயரத்தில், நீல உடுப்புப் போட்ட ஒரு புனிதப் பெண். நாங்கள் சைவக்காரர். ஆனால் ஊரிலிருந்து இங்கே வந்த புதிதில், பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்காகக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வாசலில் வரிசையில் நின்று களைத்து, வெயிலுக்கு ஒதுங்க என் மனுசன் நுழைந்த முதல் கோயில் அதுதான். அண்ணாந்து பார்த்து அந்தப் பெண்ணிடம் ஏதோ கேட்டிருக்கிறார். அடுத்த கிழமையே துறைமுகத்தில் கப்பல் சாமான் ஏற்றி இறக்கும் வேலை கிடைத்துவிட்டது. அன்று முதல் அவள் அவருக்கு 'நீல அம்மா'. வெள்ளிக்கிழமை வந்தால் மெழுகுதிரி கொளுத்தாமல் வீட்டுக்கு வரமாட்டார். அந்தப் புனிதையின் சரியான பெயர் என்ன என்று கேட்டுப் பாருங்கள், இன்றைக்கும் அவருக்குத் தெரியாது.

நான் முன்பு லிபெர்த்தாத் தெருப் பக்கம் பணக்கார வீடுகளில் வேலை செய்தவள். பிறகு பக்கத்து ஊரான பகேரியாவில் கண்ணாடி திருத்தும் பட்டறை ஒன்றில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தேன். பட்டறை இருப்பது ஒரு பழைய மாளிகையின் குதிரை லாயத்தில். அதை நடத்துகிற முதலாளியம்மா, நாங்கள் சிஞ்ஞோரா என்போம், பழைய கோயில்களின் வண்ணக் கண்ணாடிகளை மட்டும் திருத்துகிறவர். காலையில் ரயில் ஏறிப் போனால் முதல் வேலை நிலம் துடைப்பது. அங்கே விளக்குமாறு போடக் கூடாது. கண்ணாடித் துண்டுகளைப் பிணைக்கிற ஈயத்தின் தூள் கிளம்பி நெஞ்சுக்குள் போய்விடும், எல்லாம் ஈரத்துணிதான். அந்தப் பட்டறைக்கு ஒருநாள் பேராலயத்து யன்னல்கள் துண்டு துண்டாக, மரப்பெட்டிகளில் வந்து இறங்கின. நான் வீட்டுக்கு வந்து சொன்னதுதான் தாமதம், மறுநாள் துறைமுகம் முழுக்கச் செய்தி போய்விட்டது.

"நீல அம்மா இப்ப என்ரை மனிசியின்ரை பட்டறையிலைதான் இருக்கிறா" என்று அவர் நாப்போலிக் கப்பல்காரருக்கும் சொல்லியிருக்கிறார்.

வெளிச்ச மேசை என்று ஒன்று உண்டு. கீழிருந்து விளக்கு எரியும், மேலே கண்ணாடியைப் படுக்க வைப்பார்கள். நீல அம்மாவை அப்படிக் கிட்டத்தில் பார்த்தபோது, இவ்வளவு அழுக்கோடா இவளைக் கும்பிட்டோம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. உட்பக்கம் முழுக்க மெழுகுதிரிக் கரி. அதில் என் மனுசனின் பங்கும் கொஞ்சமில்லை. "வினாகிரியும் பழைய பேப்பரும் தாருங்கள், ஒரு மணித்தியாலத்தில் பளிச்சென்று ஆக்கிக் காட்டுகிறேன்" என்றேன். லிபெர்த்தாவில் என் யன்னல் துடைப்புக்கு நல்ல பெயர். சிஞ்ஞோரா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டார். கோடு போட்டு முகமும் விரலும் வரைந்த மை எழும்பி நிற்கும் இடங்களில் பலமாக மூச்சு விட்டாலே உதிர்ந்துவிடுமாம். சுத்தமான தண்ணீரில் பஞ்சை நனைத்து, குழந்தையின் காதைத் துடைக்கிற மாதிரி, ஒவ்வொரு துண்டாகத் துடைக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க இருந்து உள்ளங்கை அளவு துடைப்பார்கள். இந்த வேகத்தில் நான் லிபெர்த்தாவில் துடைத்திருந்தால் முதல் நாளே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

துடைக்கத் துடைக்க நீலம் வெளியே வந்தது. பழைய கண்ணாடிக்குள் குமிழிகள், ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெல்லிசு. ஆனால் முகத்தில் பஞ்சு பட்டதும் சிஞ்ஞோரா கையை எடுத்துவிட்டார். முகத்தின் மை பஞ்சோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

விஷயம் இதுதான். இரண்டாம் உலகப் போரில் பக்கத்தில் குண்டு விழுந்து அந்த யன்னல் நிலத்தில் கொட்டிவிட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் துண்டுகளைக் கூடைகளில் பொறுக்கி வைத்திருக்கிறார்கள். உடுப்புக் கிடைத்தது, கை கிடைத்தது, முகம் கிடைக்கவில்லை. போருக்குப் பிறகு யாரோ ஒருவர் சாதாரண யன்னல் கண்ணாடியில் ஒரு முகத்தைக் கீறி, சூளையில் சுடாமலே பொருத்திவிட்டார். என் மனுசன் இவ்வளவு காலமும் கும்பிட்டது அந்த முகத்தைத்தான். கிட்டத்தில் பார்த்தால் பல்லுக்குத்துக்காரி மாதிரி இருந்தாள், அது வேறு கதை.

நிபுணர்கள் கூடி முடிவெடுத்தார்கள். உதிரும் முகத்தைக் கழற்றிப் பெட்டியில் பத்திரப்படுத்துவது, அந்த இடத்தில் தேன்நிறத்தில் வெறும் கண்ணாடி வைப்பது. ஏன் புதிதாக ஒரு முகம் வரையக் கூடாது என்று சிஞ்ஞோராவைக் கேட்டேன். "அவள் முகம் எப்படி இருந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தெரியாததை வரைந்தால் அது பொய். தொலைந்தது தொலைந்ததாகவே தெரியட்டும்" என்றார். புதுக் கண்ணாடியின் ஓரத்தில் வருடத்தையும் கீறி வைத்தார், பின்னால் வருகிறவர்கள் ஏமாறக் கூடாது என்று.

இதை நான் வீட்டில் சாதாரணமாகத்தான் சொன்னேன். இவர் புட்டைக் குழைத்துக்கொண்டிருந்தார். கை சாப்பாட்டுக் கோப்பையிலேயே நின்றுவிட்டது.

"என்ன? முகத்தைக் கழட்டிப்போட்டினமோ?"

"ஓம். பெட்டிக்கை பத்திரமாய் இருக்கு."

"அப்ப அது பின்னமாப் போச்சு" என்றார். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

எங்களுடைய ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கை கால் உடைந்த சாமியை வைத்துக் கும்பிடுவதில்லை, வீட்டில் படத்துக்குக் கண்ணாடி வெடித்தாலும் எடுத்துவிடுவோம். ஆனால் மகளின் கலியாணம் ஆவணியில், அதே பேராலயத்தில், அதே யன்னலுக்குக் கீழே நடக்க இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் மன்னார்க் கத்தோலிக்கர். அவர்கள் தங்கள் பங்குக் கோயிலிலேயே செய்யலாம் என்றுதான் சொன்னார்கள். "சேர்ச்சிலை எண்டால் நீல அம்மாவின்ரை சேர்ச்சிலைதான் தாலி கட்டவேணும்" என்று பிடித்த பிடியாக நின்று அனுமதி எல்லாம் எடுப்பித்தவர் இவரேதான். இப்போது அழைப்பிதழ் கனடா வரைக்கும் போய்விட்டது.

"நான் உள்ளுக்கை வரமாட்டன். வாசல்லை நிப்பன். பின்னமான சாமிக்கு முன்னாலை பிள்ளைக்குத் தாலி ஏறுறதைப் பாக்க என்னாலை ஏலாது."

"பிள்ளையாருக்கு ஒரு கொம்பு முறிஞ்சுதானே கிடக்கு. அவரைக் கும்பிடேல்லையோ?" என்று கேட்டேன்.

"அது அவர் தானே முறிச்சது. அது வேறை."

அவர் வாதம் செய்தால் வழக்கறிஞர் தோற்றுப்போவார். ஆனால் எனக்குத் தெரியும், அது வெறும் பிடிவாதம் இல்லை, பயம். பிள்ளையின் வாழ்க்கைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். பயந்த மனுசனோடு சண்டை பிடித்து வெல்ல முடியாது. அதற்காக நான் சண்டை பிடிக்காமல் இருக்கவும் இல்லை.

மகள் இங்கே பிறந்தவள். கோபம் வந்தால் தமிழும் இத்தாலியனும் ஒன்றாக வரும், இரண்டு கையும் சேர்ந்து கதைக்கும். "பாஸ்தா, போதும் அப்பா! கண்ணாடிக்கு முகம் இல்லையெண்டு எனக்கு அப்பா இல்லாமல் போறதோ? நீங்கள் வராட்டில் நான் தனிய நடந்து போறன். உங்களுக்குப் பதிலாச் சித்தப்பாவும் வேண்டாம், ஒருத்தரும் வேண்டாம்!" என்று கத்திவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இந்த ஊரில் மணப்பெண்ணைத் தகப்பன்தான் கையைப் பிடித்துப் பீடம் வரைக்கும் கூட்டிப் போவார். சின்ன வயதில் அதைப் படத்தில் பார்த்துவிட்டுத் தகப்பனோடு வீட்டு நடையில் நடந்து பழகியவள். நான் குசினிக்குள் போய் அழுதேன்.

இவரும் சும்மா இருக்கவில்லை. ஒரு லீவு நாளில் முகச்சவரம் செய்து, நல்ல சேர்ட்டுப் போட்டுக்கொண்டு, பகேரியாவுக்கு என்னோடு ரயில் ஏறினார். கையில் சுருட்டிய கலண்டர். பட்டறையில் அதை விரித்தார். அம்பாளின் படம்.

"முகம் அளவாய் இருக்கும். இதைப் பாத்து வரையச் சொல்லும்" என்றார் என்னிடம்.

நான் மொழிபெயர்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. சிஞ்ஞோரா சிரிக்கவில்லை. கலண்டரை வாங்கி வெகு நேரம் பார்த்தார். மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்து அழகு என்றார். பிறகு, இது உங்களுடைய தெய்வத்தாயின் முகம், அவளுடையது அல்ல, இதை அவளுக்கு வைக்க எனக்கு உரிமையில்லை என்றார். கலண்டரைப் பட்டறைச் சுவரில் மாட்டிவிட்டார்.

ஆடி மாதம் யன்னல்கள் திரும்பிப் போகும் நாள் வந்தது. பட்டறையில் பாரம் தூக்குகிறவர் நாரி பிடித்து நிமிர முடியாமல் கிடந்தார். சிஞ்ஞோரா என்னிடம், உன் கணவர் துறைமுகத்தில் வேலை செய்கிறவர்தானே, ஒருநாள் கை கொடுப்பாரா என்று கேட்டார்.

"தூக்கிறது என்ரை தொழில். வாறன். ஆனால் கலியாணக் கதை ஒண்டும் எடுக்கக் கூடாது" என்று இவர் நிபந்தனை போட்டு வந்தார்.

ஊர்த் திருவிழாவுக்கு மேடை போட்டுத் தெருவை அடைத்திருந்தார்கள். வான் பேராலயத்துக்குக் கிட்டப் போக முடியவில்லை. முன்வளவைக் கடந்து பக்கவாசல் வரைக்கும் கையில்தான் கொண்டுபோக வேண்டும். உச்சி வெயில், கல் பாவிய நிலம் கொதித்தது. முதற்பெட்டிகளை இவரும் பட்டறை ஆள் ஒருவரும் மளமளவென்று கொண்டுபோய் வைத்தார்கள். கடைசிப் பெட்டிக்கு வந்ததும் இவர் நின்றார்.

"இதுக்குள்ளையோ அவ?"

"ஓம்."

வானின் படியில் உட்கார்ந்தார். வேலைச் சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தார், இரண்டையும் கழற்றினார், காலுறையைச் சுருட்டி உள்ளே வைத்தார். காற்சட்டையை மடித்துவிட்டு, என் தண்ணீர்ப் போத்தலை வாங்கிக் கை கழுவினார். பிறகு போய்ப் பெட்டியைத் தூக்கினார். இத்தனையும் யாரையும் பார்க்காமல், துறைமுகத்தில் தினமும் இப்படித்தான் செய்கிறவர் மாதிரி செய்தார்.

யன்னல் பொருத்தக் கட்டிய சாரத்துக்குப் பொறுப்பான இளம் பொறியியலாளர் தலைக்கவசத்தோடு ஓடி வந்தார். "ஸ்கார்ப்பே! ஸ்கார்ப்பே!" சப்பாத்து இல்லாமல் பாரம் தூக்கக் கூடாது, சட்டம். இவர் திரும்பியும் பார்க்கவில்லை. அந்தக் கல்லில் முட்டை பொரிக்கலாம். தீமிதிப்புக்குப் போகிறவர் மாதிரி ஒரே சீராக நடந்தார். உல்லாசப் பயணிகள் படம் எடுத்தார்கள். தண்ணீர் விற்கும் கிழவர் ஒருவர், வெறுங்காலோடு பெட்டி வருவதைக் கண்டதும், தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டு, "வீவா!" என்று வாழ்த்துக் குரல் கொடுத்தார். இந்த ஊரிலும் நேர்த்திக்காரர் வெறுங்காலோடுதானே சாமி தூக்குகிறார்கள். பொறியியலாளர் கிழவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேசாமல் கதவைத் திறந்துவிட்டார்.

நான் இரண்டு சப்பாத்தையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். நிழலில் பெட்டியை இறக்கி வைத்தபிறகும் அவர் கை அதன்மேலேயே இருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"இஞ்சாருங்கோ, பின்னமான சாமிக்கு ஏன் சப்பாத்துக் கழட்டினனீங்கள்?"

அவர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார். உண்மையாகவே அப்போதுதான் கண்டவர் மாதிரிப் பார்த்தார்.

"சப்பாத்துக் கடிக்குது" என்றார்.

எத்தனையோ வருடமாகப் போட்டு அவருடைய காலின் வடிவத்துக்கே வந்துவிட்ட சப்பாத்து அது. நான் மகளுக்கு உடனே போன் போட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது உள்ளங்கால் இரண்டும் கொப்புளம். மகள் நிலத்தில் உட்கார்ந்து தகப்பனின் காலை மடியில் எடுத்து வைத்து மருந்து பூசினாள். அறைக் கதவைச் சாத்திய நாளிலிருந்து இரண்டு பேரும் நேராகக் கதைத்ததில்லை. நான் கதவோரம் மூச்சுக் காட்டாமல் நின்றேன்.

"அப்பா" என்றாள், காலைப் பார்த்தபடியே. "கலியாணத்துக்குக் கடையிலை புதுச் சப்பாத்து வேண்டவேணும்."

இவர் மற்றக் காலையும் நீட்டினார்.

"கடிக்காததாப் பாத்து வேண்டு" என்றார்.

எனக்கு ஓடிப்போய் இரண்டு பேரையும் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. அப்படிச் செய்தால் மனுசன் வெட்கத்தில் திரும்ப முறுக்கிக்கொள்வார் என்று தேத்தண்ணி போடப் போய்விட்டேன்.

ஆவணியில் கலியாணம் நடந்தது. சாரம் கழற்றி, யன்னல் தன் இடத்தில் இருந்தது. கரி போன நீலம், நடுவில் தேன்நிற வெறுமை. கூறைச் சேலையில் மகள், பக்கத்தில் இவர். நடையில் நடந்தபோது அவள்தான் அவரைப் பிடித்துக் கொண்டுபோனாள் என்று சம்பந்தி பகிடி பண்ணினார். சுவாமியார் தாலியை ஆசீர்வதித்தார், மாப்பிள்ளை கட்டினார், எங்கள் பக்கத்துச் சனம் பழக்கத்தில் அரிசி எறிந்தது. நான் மட்டும் இடையிடையே அண்ணாந்து பார்த்தேன், எனக்கு அது என் வேலையும் அல்லவா.

பின்னேரம் விருந்து மண்டபத்தில் சிஞ்ஞோரா எங்கள் மேசைக்கு வந்தார். ஒரு வருட வேலை, அவருக்கு ஆவல். கீழேயிருந்து எப்படித் தெரிந்தது என்று இவரைக் கேட்டார். சத்தத்தில் இவருக்கு விளங்கவில்லை.

"என்னவாம்?"

"யன்னல் எப்பிடியிருந்தது எண்டு கேக்கிறா."

"எந்த யன்னல்?" என்றார். பிறகுதான் ஞாபகம் வந்தது. "நான் எங்கை அதைப் பாத்தனான்? எனக்குப் பிள்ளையின்ரை முகத்தைப் பாக்கவே நேரம் காணேல்லை."

சிஞ்ஞோரா பதிலுக்காக என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்லாயிருக்காம் என்று மட்டும் சொன்னேன்.