கடைசியாக வருபவருக்கே பரிசு

கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார் சலூன்காரர். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உதடு அசைய எண்ணினார்.

“எண்பத்தெட்டு. வேகமா நடந்து வந்தீங்களா சார்?”

ஒரு பக்கம் மட்டும் முடி வெட்டிய நிலையில் உட்கார்ந்திருப்பவன் எதைத்தான் மறுக்க முடியும்? ஒப்புக்கொண்டேன். “அதான பாத்தேன்” என்று மறுபடி கத்தரியை எடுத்தார். வருகிற எல்லாருக்கும் இந்த நாடிச் சோதனை உண்டு. வேண்டாமென்று எழுந்து ஓடவும் வழியில்லை; கழுத்தில் துணியைக் கட்டிய பிறகுதான் ஆரம்பிப்பார்.

அவர் மகளால் வந்த பழக்கம் இது. அவளுக்கு ஏழு வயது. சாதாரணச் சளிக்காய்ச்சல்தான் வந்தது, மூன்று நாளில் விட்டும் போனது. அடுத்த வாரம் அறைக்குள் நாலடி நடந்தாலே மூச்சு வாங்கியது. வயிறு வலிக்கிறது என்றாள். வயிற்றுக்கு மருந்து கேட்கப் போனவரிடம், காய்ச்சலைத் தந்த வைரஸால் இதயத் தசை வீங்கியிருக்கிறது என்றார் குழந்தை மருத்துவர். பதினான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. ஊர்க்கதை எல்லாம் பேசுகிற மனிதர் அந்த நாட்களைப் பற்றி மட்டும் பேசமாட்டார். ஒரே ஒருமுறை சொன்னார்:

“வலி வயித்துலன்னுதான் சொன்னா சார். கோளாறு நெஞ்சுல இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

சொல்லிவிட்டு வெகுநேரம் என் கிருதாவையே சரிசெய்துகொண்டிருந்தார். அந்த மாதம் முழுக்க எனக்குக் கிருதாவே இல்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னது ஒன்று: ஆறு மாதம் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது. ஏழு வயதுக் குழந்தையிடம் அதைச் சொல்வதற்குப் பதில் பம்பரத்திடம் சொல்லலாம். அதட்டினார், கெஞ்சினார், பலிக்கவில்லை. பிறகுதான் மெதுவோட்டப் பந்தயத்தைக் கண்டுபிடித்தார். பள்ளி வாசலிலிருந்து கடை வரைக்கும். கடைசியாக வருபவருக்கே வெற்றி. நின்றுவிட்டால் ஆட்டம் செல்லாது. அப்பாவும் மகளும் நடைபாதையில் அங்குலம் அங்குலமாக வருவார்கள். கடையில் சவர நுரை முகத்திலேயே காய்ந்துபோன ஒருவர் வாசலுக்கு வந்து, “சீக்கிரம் வாய்யா, எனக்கு ஆபீஸ் இருக்கு” என்பார்.

“பதறாதீங்க, துடிப்பு ஏறும்” என்று அங்கிருந்தே பதில் வரும்.

வாசற்படியருகே எப்படியோ அவர் கால் ஒரு அடி முந்திவிடும். தினமும் அவள்தான் ஜெயித்தாள்.

போன வியாழக்கிழமை ஆறாம் மாதப் பரிசோதனை. நான் கடை வாசலில் காத்திருந்தேன். தெருவில் இருவரும் வழக்கமான வேகத்தில் வந்தார்கள். ஓட இன்னும் அனுமதி கிடைக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

“ஸ்கேன் நல்லா இருக்காம் சார். ஓடலாம்னுட்டாங்க” என்றார். மகள் பக்கம் திரும்பி, “ஓடும்மா” என்றார்.

அவள் அசையவில்லை. சந்தேகமாக அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நான் ஓடினா நீ ஜெயிச்சுடுவ.”

அவர் செருப்புகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தொந்தி குலுங்க, தெருமுனையைப் பார்த்துத் தானே முதலில் ஓட ஆரம்பித்தார்.